பந்தும் மட்டையும் மார்க்கத்தின் அளவுகோலா?



2021 அக்டோபர் 24 அன்று துபாயில் நடந்த டி20 உலகக் கோப்பை ஆட்டத்தில் பாகிஸ்தான் அணி இந்தியாவை 10 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. உலகக் கோப்பை ஆட்டங்களில் இந்தியாவுக்கு எதிராக அவ்வணி பெற்ற முதல் வெற்றி அது. மறுநாள் மத்ரஸாவில் ஒரு மாணவன், "ஹஜ்ரத், இஸ்லாம் ஜெயித்துவிட்டதாமே?" என்று கேட்டான். சொல் அவனுடையதன்று. பாகிஸ்தானின் அன்றைய உள்துறை அமைச்சர் ஷேக் ரஷீத் அகமது அதனை இஸ்லாமிய உலகின் வெற்றியாக அறிவித்திருந்தார். நம்மவர் சிலரும் அப்பேச்சைப் பரப்பினர்.

அவர்களிடம் கேட்கிறேன். அது இஸ்லாத்தின் வெற்றி என்றால், 18 நாள்கள் கழித்து அரையிறுதியில் அதே அணி ஆஸ்திரேலியாவிடம் தோற்றதே, அது எதன் தோல்வி? துபாயில் இந்தியாவுக்காகப் பந்து வீசிய முஹம்மது ஷமி எந்த மார்க்கத்தவர்?

அதே இரவில் வேறொரு கூட்டம் ஷமியைத் துரோகி என்று ஏசியது. ஒருவரை மதத்தின் பெயரால் தாக்குவது இழிசெயல் என்று அணித்தலைவர் விராட் கோலி வெளிப்படையாகக் கண்டித்தார். அமைச்சரின் பெருமிதமும் இக்கூட்டத்தின் ஏச்சும் ஒரே வேரில் முளைத்தவை. இரண்டும் ஆட்டத்தை விட்டுவிட்டு ஆடுபவரின் மதத்தையே பார்த்தன. ஒன்றைப் பகிர்ந்துகொண்டு மற்றொன்றைக் கண்டித்தால், நம் கண்டனத்தை யார் மதிப்பார்?

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அள்பா என்னும் ஒட்டகம் பந்தயத்தில் முந்த முடியாததாக இருந்தது. ஒரு கிராமவாசியின் ஒட்டகம் அதை முந்தியபோது ஸஹாபாக்கள் மனம் வருந்தினர். உலகில் உயரும் எதனையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என நபியவர்கள் விளக்கியதைப் புகாரியில் காண்கிறோம். நபியின் ஒட்டகம் பிந்தியதே மார்க்கத்தின் தோல்வி ஆகவில்லை. பாபர் அஸமின் மட்டை மார்க்கத்தின் வெற்றி ஆகுமா?

1999 ஜனவரியில் சேப்பாக்கம் டெஸ்டில் பாகிஸ்தான் 12 ரன்களில் வென்றபோது, நெஞ்சு கனத்த நிலையிலும் சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினர். ஒரு கூட்டத்தின் மீதுள்ள பகை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று குர்ஆனை ஓதும் நாம், அந்த ரசிகர்களுக்குப் பிந்தியவர்களாக இருக்கலாமா?

அம்மாணவனிடம் சொன்னேன்: "ஜெயித்தது நன்றாக ஆடிய அணி. இஸ்லாத்தின் வெற்றியைக் காண வேண்டுமானால், நாளை ஃபஜ்ருக்கு எழுந்து வா. உன் அண்டை வீட்டார் உன்னை நம்பும்படி வாழ்."

நீதியுடன் நடக்கும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நமக்குத் தருவானாக. ஆமீன்.