மூன்று பெட்டி வாங்கியும் வைபை ஏன் அறுந்து போகிறது?



இந்த மாதம் பட்டிப்பொலயிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. எழுதியவர் சிறுபிள்ளையாக இருந்தபோது, 1983 கலவரத்துக்குப் பின், பெற்றோருடன் வன்னிக்குப் போனவர். மலையகத்திலிருந்து அப்படிப் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. அவர்களையும் யுத்தம் விட்டுவைக்கவில்லை. 2009இல் கணவரை இழந்த இவர், இரண்டு பிள்ளைகளுடன் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்து, இப்போது தையல் வேலை செய்கிறார். மூத்த மகன் கட்டாரில். மகள் உயர்தரம் படிக்கிறாள். லயனில் மூன்று வீட்டார் சேர்ந்து, தவணைக்கு, "மெஷ் வைபை" என்று சொல்லப்படும் மூன்று பெட்டிகளை வாங்கியிருக்கிறார்கள்.

"மகனோடு கதைக்கும்போது முகம் அப்படியே நின்றுவிடுகிறது. மகளின் வகுப்பு பாதியில் போய்விடுகிறது. மாதம் ஒரு முறை எனக்கு உளவள ஆலோசனை தரும் அக்கா வவுனியாவிலிருந்து வீடியோவில் பேசுவார். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லத் தொடங்கும்போது அறுந்துவிட்டால், திரும்ப அந்த இடத்திலிருந்து தொடங்க மனம் வருவதில்லை. கடையில் கேட்டால் பெட்டி நல்லது, உங்கள் இடம்தான் சரியில்லை என்கிறார்கள். யார் சொல்வது சரி?" என்று கேட்கிறார்.

பதில் சொல்லு முன், இந்த மெஷ் என்பது என்ன என்று பார்ப்போம். ஒரு பெட்டி வெளியிலிருந்து வரும் இணையத்தை வாங்குகிறது. மற்றப் பெட்டிகள் அதை ஒன்றிடமிருந்து ஒன்று காற்றிலே வாங்கி அடுத்த வீட்டுக்குக் கொடுக்கின்றன. பீலியடியிலிருந்து வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவது போல. கைமாறும்போது தண்ணீர் சிந்தும். சாதாரண மலிவுப் பெட்டி ஒரே அலைவரிசையில் வாங்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும். ஆகவே ஒவ்வொரு கைமாறலிலும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். பீலியிலேயே தண்ணீர் நூலாக வந்தால், வாளிகள் எத்தனை இருந்தும் பயனில்லை.

விற்பவர்கள் இதைத்தான் சொல்வதில்லை. "மூன்று பெட்டி, முழு வீட்டுக்கும் சிக்னல்" என்கிறார்கள். கைத்தொலைபேசியில் வைபைக் கோடுகள் முழுதாகத் தெரியும். அது உங்கள் தொலைபேசிக்கும் பக்கத்துப் பெட்டிக்கும் உள்ள உறவை மட்டுமே காட்டும். பெட்டிக்கும் வெளியுலகுக்கும் உள்ள உறவை அது காட்டாது.

ஆகவே முதல் சோதனை இதுதான். வெளியிலிருந்து இணையத்தை வாங்கும் முதற்பெட்டி எந்த வீட்டில் இருக்கிறதோ, அதன் அருகில் போய் நில்லுங்கள். மற்ற இரண்டு பெட்டிகளையும் அணைத்துவிடுங்கள். அங்கே நின்று வீடியோ அழைப்பு எடுங்கள். அங்கேயும் அறுந்தால், குறை மெஷ் பெட்டிகளில் இல்லை. வரும் இணைப்பில்தான் குறை. பட்டிப்பொல இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் இருக்கும் இடம், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,890 மீற்றர். உயரம் என்றால் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்று நினைப்போம். ஆனால் கோபுரத்துக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு மலைமுகடு வந்தால் உயரத்தால் பயனில்லை. சிம் அட்டை போடும் ரவுட்டராக இருந்தால், அதை வீட்டின் நடுவில் வைக்காமல், கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். இரண்டு அடி நகர்த்தியதில் நிலைமை மாறுவதுண்டு. பின்னேரம் ஏழு மணிக்கு எல்லோரும் ஒரே கோபுரத்தைப் பிடிக்கும்போது மந்தமாகி, விடியற்காலையில் நன்றாக இருந்தால் அதுவும் வெளிக்குறைதான். அதற்குப் புதிய பெட்டி வாங்குவது வீண்செலவு.

முதற்பெட்டியருகில் நன்றாக இருந்து, தள்ளிப் போகும்போது கெட்டால், அப்போதுதான் வீட்டைப் பார்க்க வேண்டும். பழைய லயன்களின் கருங்கற்சுவர் தடிப்பானது, மழைக்காலத்தில் ஈரமும் ஊறியிருக்கும். தகரம் அலையைத் திருப்பி அடிக்கும். அடைப்புக்குத் தகரம் வைத்த இடமெல்லாம் வைபைக்குச் சுவரல்ல, மூடிய கதவு. 5 கிகா என்று எழுதியிருக்கும் அலைவரிசை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டாது. 2.4 கிகா மந்தமானது, ஆனால் தூரம் போகும். லயனுக்கு 2.4 நல்லது. இரண்டாவது பெட்டியைச் சிக்னல் இல்லாத அறையில் வைப்பதுதான் பலரும் செய்வது. அங்கே அதற்கே ஒன்றும் கிடைக்காது, பிறகு எதைக் கொடுக்கும்? சிக்னல் பாதி இருக்கும் இடத்தில், கதவோ ஜன்னலோ நேராகத் தெரியும்படி வையுங்கள். முடிந்தால் முதற்பெட்டிக்கும் இரண்டாவதுக்கும் இடையில் கூரையோரமாக ஒரு லான் கம்பியை இழுத்துவிடுங்கள். அதற்குப் பின் அந்த இடத்தில் வேகம் குறையாது. வெளியே போகும் கம்பி இடிமின்னலுக்கு இழுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். மின்னும்போது கம்பியையும் பிளக்கையும் கழற்றி வையுங்கள்.

பனிமூட்டம் வைபையை மறைக்கும் என்று மலைநாட்டில் ஒரு பேச்சுண்டு. வீட்டுக்குள் நடக்கும் இந்த ஒரு சில மீற்றர் தூரத்துக்குப் பனியால் கெடுதல் இல்லை. மழை நாளில் அறுந்தால் பெரும்பாலும் காரணம் வேறு: கரண்ட்.

இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள ஊர்களில் சிறு கண் பரிசோதனை நிலையங்களைத் திறந்து, நோயாளியை மருத்துவர் வீடியோவில் பார்க்க, கலிபோர்னியா பல்கலைக்கழக பேர்க்லி ஆய்வாளர்களுடன் சேர்ந்து தொலைதூர வைபை இணைப்பு அமைத்தார்கள். கிழவி ஒருத்தி பஸ்ஸேறிப் பட்டணம் போகாமல் தன் ஊரிலேயே கண்ணைக் காட்டலாம். சில ஆண்டு நடத்திய அனுபவத்தை 2008இல் அந்த ஆய்வாளர்கள் எழுதி வெளியிட்டார்கள். இணைப்பு நின்றதற்குப் பெருங்காரணம் அலையுமல்ல, தூரமுமல்ல, மின்சாரம்தான் என்பது அவர்கள் கண்டது. 230 வோல்ட் வர வேண்டிய கம்பியில் சில வேளை ஆயிரம் வோல்ட் வரை ஒரு கணம் குதித்திருக்கிறது. சில வேளை எழுபதுக்கும் கீழே நெடுநேரம் இறங்கிக் கிடந்திருக்கிறது. குதித்தால் பெட்டி எரியும், அது தெரிந்துவிடும். இறங்கினால் பெட்டி எரியாது, அணையவும் அணையாது. விளக்கு எரிந்துகொண்டே வேலை நின்றுவிடும். யாராவது பிளக்கைக் கழற்றிப் போடும் வரை அப்படியே கிடக்கும். அதற்காகவே, வோல்டேஜ் மிகவும் இறங்கினால் பெட்டியை முழுதாக அணைத்துவிடும் ஒரு சிறு கருவியைப் பொருத்தினார்கள்.

நம் லயன்களில் பின்னேரம் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் சுடுதண்ணிக் கேத்தலும் அயனும் போடும்போது பல்ப் மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பல்ப் மங்கும் அதே நேரம் பெட்டியும் மயங்குகிறது. மூன்று பெட்டி இருந்தால் மூன்றும் மயங்கலாம், நடுவில் இருக்கும் ஒன்று மயங்கினாலே அதற்கப்பால் உள்ள வீட்டுக்கு ஒன்றும் இல்லை. "பெட்டி நல்லது" என்று கடைக்காரர் சொல்வதும் உண்மை, "வேலை செய்யவில்லை" என்று சகோதரி சொல்வதும் உண்மை. கடையில் அதைப் போட்டுப் பார்க்கும்போது அங்கே வோல்டேஜ் ஒழுங்காக இருக்கிறதே!

செய்யக்கூடியது இது. கரண்ட் போனவுடன் பிளக்கைக் கழற்றுங்கள். திரும்ப வந்தவுடன் போட வேண்டாம், பத்து நிமிடம் போகட்டும். வந்த கணத்தில்தான் குதிப்பு அதிகம். ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் சிறு யூ.பி.எஸ். கிடைக்கிறது. உங்கள் பெட்டியின் அடியில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்றதை வாங்குங்கள். பொருந்தாததைப் போட்டால் பெட்டி போய்விடும். மூன்று பெட்டிக்கும் மூன்று வாங்கத் தேவையில்லை. முதற்பெட்டிக்கு ஒன்று போதும். மின்வெட்டு நேரத்தில் மற்ற இரண்டையும் மறந்துவிட்டு முதற்பெட்டி இருக்கும் வீட்டுக்குப் போய் இருந்து பேசுங்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் வெட்டிய காலத்தில் எந்த யூ.பி.எஸ்.சும் தாக்குப்பிடித்திருக்காது. சாதாரண வெட்டுக்குச் சில மணி நேரம் தாங்கும்.

வட இந்தியாவில், இமயமலைச் சாரலில் உள்ள தர்மசாலாவிலும் 2005இல் ஒரு மெஷ் அமைத்தார்கள். அங்கே திபெத்திய அகதிகளின் பள்ளிகளும் அலுவலகங்களும் இருக்கின்றன. மலைச்சரிவு, மழை, மின்னல் எல்லாம் நம்மூர் போலத்தான். அதற்கு மேல் குரங்குகள் வேறு அன்டெனாவில் தொங்கினவாம். நமக்கும் அதில் சிரிக்க இடமில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடே இருண்டதாக அரசாங்கமே சொன்னது.

நம் நாட்டிலும் இது புதிதல்ல. வில்பத்துக் காட்டோரம், யுத்த காலத்தில் எல்லைக் கிராமமாக இருந்த மகாவிலச்சியவில், நந்தசிறி வன்னிநாயக்க என்ற ஆங்கில ஆசிரியர் கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தொடங்கிய முயற்சியிலிருந்து, 2006இல் வீடுகளை இணைக்கும் ஒரு மெஷ் வந்தது. நெல் விளைவிக்கும் சிங்களக் குடும்பங்கள், அவர்களுக்கும் பயம் இருந்தது, இழப்பும் இருந்தது. இப்படிப்பட்ட இடங்களில் பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே ஒரு ஆள் வேண்டும். பட்டிப்பொல லயனில் அது யார் என்று மூன்று வீட்டாரும் முடிவு செய்தீர்களா? பெரும்பாலும் "தம்பி வந்து பார்ப்பான்" என்று ஒரு ஆண்பிள்ளையை நம்பி இருப்போம். அவன் வேலைக்குப் போன நேரத்தில்தான் அறும். உயர்தரம் படிக்கும் மகள் இதைச் செய்யலாம், அம்மாவும் செய்யலாம். ஒரு பழைய கொப்பியில் திகதி, நேரம், மழையா, கரண்ட் மங்கியதா, எந்தப் பெட்டியின் விளக்கு என்ன நிறம் என்று இரண்டு வாரம் எழுதுங்கள். கடையோடு வாதாட அந்தக் கொப்பியைக் கொண்டு போங்கள்.

இனி, கடிதத்தில் கேட்கப்படாத ஒன்று. மெஷ் பெட்டிகளைத் தொலைபேசியில் உள்ள ஒரு செயலி மூலம்தான் இயக்குவார்கள். அந்தச் செயலிக்கு ஒரு கணக்கு வேண்டும். பொருத்த வரும் பையன் அவசரத்தில் தன்னுடைய மின்னஞ்சலையே போட்டுவிட்டுப் போவதுண்டு. அப்படியானால் உங்கள் வீட்டு வைபைக்குச் சொந்தக்காரர் அவர். எந்தத் தொலைபேசி எப்போது இணைந்தது என்று அவர் பார்க்கலாம், நினைத்தால் ஒருவரின் இணைப்பை நிறுத்தலாம். நீங்கள் வட்ஸ்அப்பில் பேசுவதை அவர் கேட்க முடியாது, அந்தப் பயம் வேண்டாம். ஆனாலும் தனித்து வாழும் பெண்ணின் வீட்டில் யார் எப்போது இருக்கிறார் என்று வேறொருவருக்குத் தெரிவது நல்லதல்ல. காலம் முழுதும் யாராவது நம்மைக் கணக்கெடுத்ததை அனுபவித்தவர்கள் நாம். பெட்டியின் சிறு துளையில் ஊசியால் அழுத்தி ஆரம்ப நிலைக்குக் கொண்டு வந்து, உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கடவுச்சொல்லில் புதிதாகப் பதியுங்கள்.

இதை எல்லோரும் கற்றுக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. 2017 பெப்ரவரியில் கூகிள் நிறுவனத்தின் கணக்குமுறையில் ஏற்பட்ட ஒரு கோளாறால் அதன் வைபைப் பெட்டிகள் பலவும் தாமாகவே ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிட்டன. வீட்டில் எந்தப் பழுதும் இல்லை, மின்சாரமும் இருந்தது. ஆனாலும் வாங்கியவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்க வேண்டியிருந்தது. எங்கோ இருக்கும் கணினியில் நடப்பது இங்கே லயனில் தெரியும்.

2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்க் செய்மதி இணையத்தை வாங்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். கோபுரம் தேவையில்லை, உண்மை. விலை மூன்று வீட்டார் சேர்ந்தாலும் கனமானது. வானம் திறந்திருக்க வேண்டும். கரண்டும் சாதாரண ரவுட்டரை விடப் பல மடங்கு இழுக்கும். கரண்ட் போனால் அதுவும் போகும்.

சகோதரிக்குச் சொல்வது: முதலில் முதற்பெட்டியருகில் சோதியுங்கள், பிறகு கொப்பி. வரும் இணைப்பு நல்லது, கரண்டும் நல்லது, கிட்ட வைத்தும் ஒரு பெட்டி மட்டும் அறுகிறது என்றால் அந்தப் பெட்டி பழுது. பற்றுச்சீட்டும் உத்தரவாதப் பத்திரமும் கையில் இருக்க வேண்டும். தவணைக்கு வாங்கினாலும் உங்கள் உரிமை குறையாது. கடை கேட்காவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். உளவள ஆலோசனை நாளன்று மட்டும், மகளின் வகுப்பு இல்லாத நேரமாகப் பார்த்து, மற்ற இரண்டு வீட்டாரிடமும் அந்த ஒரு மணி நேரம் படம் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆலோசகர் அக்காவிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: வீடியோ அறுந்தால் சாதாரண தொலைபேசி அழைப்பில் அவரே உடனே எடுக்கட்டும்.

கொப்பியில் எழுதியதை இரண்டு வாரம் கழித்து எமக்கும் அனுப்பி வையுங்கள். வேறு தோட்டங்களில் மெஷ் வைத்திருப்பவர்களும் எழுதலாம்.