உதவித்தொகை பிறகு, வாடகை முதலில்

'பெய்டு இன்டர்ன்ஷிப்' என்ற வார்த்தை கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. யார் யாருக்குப் பணம் கொடுப்பது என்று முதலில் கேளுங்கள் தோழர்களே. பயோடெக், மைக்ரோபயாலஜி படிக்கும் பிள்ளைகளிடம் காசு வாங்கிக்கொண்டு, இரண்டு வாரம் பிசிஆர் இயந்திரத்தைக் காட்டிவிட்டுச் சான்றிதழ் நீட்டும் கம்பெனிகளும் அதே பெயரில்தான் விளம்பரம் செய்கின்றன. அது வியாபாரம், விடுங்கள். நம் சண்டை அரசுப் பணத்தில் நடக்கும் திட்டங்களோடு.

ஐசிஎம்ஆர் நிறுவனம் எம்பிபிஎஸ், பிடிஎஸ் மாணவர்களுக்கு 1979 முதல் குறுகிய கால ஆய்வு உதவித்தொகை தருகிறது. இரண்டு மாத ஆய்வுக்கு 50,000 ரூபாய். நல்ல தொகைதான். எப்போது கைக்கு வரும்? ஆய்வை முடித்து, அறிக்கை அனுப்பி, அவர்கள் அதை ஏற்றுக்கொண்ட பிறகு. அதுவரை சொந்தக் காசு. பி.எஸ்சி. படிப்பவர்கள் இதற்கு விண்ணப்பிக்கவே முடியாது. அவர்களுக்கு இருப்பது பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வுத் திட்டம். உதவித்தொகை உண்டு, ரயில் கட்டணமும் உண்டு. ஆனால் ஆய்வகம் பெங்களூரிலோ ஐதராபாத்திலோ இருக்கும். அங்கே அறைக்கு முன்பணம் யார் கட்டுவது?

எங்கள் கரையில் கோடை எப்படிப்பட்டது என்று திட்டம் போடுகிறவர்களுக்குத் தெரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் ஐஸ் உடைத்து, மீன் பெட்டி தூக்கிப் பிழைக்கும் நம் வீடுகளில் அந்த இரண்டு மாதம் அடுப்பு எரிவதே பாடு. தடைக்கால நிவாரணம் மீனவர் குடும்பங்களுக்கு வருகிறது. வரட்டும், அது அவர்கள் உரிமை. பெட்டி தூக்குகிறவரை யார் கணக்கில் எடுத்தார்கள்? முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் வீட்டுப் பிள்ளைகள் அடுத்த வருடக் கட்டணத்துக்கு மே மாதத்தில்தான் கூலிக்குப் போகிறார்கள். சரியாக அதே இரண்டு மாதத்தில், "முதலில் செலவு செய், பிறகு தருகிறோம்" என்கிறது திட்டம்.

தகுதி பார்த்துத்தானே எடுக்கிறார்கள், சாதியா கேட்கிறார்கள் என்பார்கள். கேட்கத் தேவையே இல்லையே! பேராசிரியர் பரிந்துரைக் கடிதம் வேண்டும், வழிகாட்டியின் கையெழுத்து வேண்டும். ஏற்கெனவே டாக்டர் இருக்கும் வீட்டுக்கு அது ஒரு போன்காலில் முடியும். நம் பிள்ளை துறைத்தலைவர் அறை வாசலில் நிற்கும். டெல்லி எய்ம்ஸில் சாதிப் பாகுபாட்டை விசாரித்த தோரட் குழு 2007-இல் அறிக்கை கொடுத்தது. ஆசிரியர்களின் ஆதரவு கிடைப்பதில்லை என்று தலித், பழங்குடி மாணவர்களில் பெரும்பாலோர் அதில் சொல்லியிருக்கிறார்கள். கடிதம் எழுத வேண்டியதும் அதே ஆசிரியர்கள்தான்.

பணம் தாமதமாவதைக் கணக்குப் பிரிவின் சோம்பல் என்று விட்டுவிட முடியாது. ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று இறந்தபோது 7 மாத ஆய்வு உதவித்தொகை, 1,75,000 ரூபாய், அவருக்குப் பாக்கி. கடைசிக் கடிதத்தில் அந்தக் கணக்கையும் அவர் எழுத வேண்டியிருந்தது. 1913-இல் பரோடா மன்னர் மாதம் 11.50 பவுண்டு கொடுத்து அண்ணலைக் கொலம்பியாவுக்கு அனுப்பினார். முதலில் ஆய்வறிக்கையைக் காட்டு என்று சொல்லியிருந்தால் அவர் கப்பல் ஏறியிருப்பாரா?

நாங்கள் கேட்பது பெரிதல்ல. எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்குப் பாதித் தொகையைச் சேர்ந்த அன்றே கொடுங்கள். சென்னையிலும் மதுரையிலும் கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் ஆதிதிராவிடர் நல விடுதிகளை ஆய்வுக்கு வரும் மாணவர்களுக்குத் திறந்து விடுங்கள். தேர்வானவர்கள் எந்தக் கல்லூரி, எந்த வகுப்பு என்று ஒவ்வொரு வருடமும் எண்ணிக்கை வெளியிடுங்கள்.

மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கடற்பாசி ஆய்வு நிலையம் இருக்கிறது. ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆய்வகத் தட்டில் பாக்டீரியா வளர்ப்பது அகர் மேல். அந்த அகருக்கான மரிக்கொழுந்துப் பாசியை எங்கள் கரைப் பெண்கள் கை கிழியக் கடலில் மூழ்கி எடுக்கிறார்கள். பாசி போகிற ஆய்வகத்துக்குள் இந்த மாவட்டத்து அரசுக் கல்லூரிப் பிள்ளையும் கோடையில் போகட்டும், வாரக் கூலி மாதிரி வாராவாரம் பணத்தோடு.

அகாடமி விண்ணப்பங்கள் மழைக்காலத்திலேயே முடிந்துவிடும். பரிந்துரைக் கடிதம் மறுக்கப்பட்டால் யார், எந்தத் தேதியில், என்ன சொன்னார் என்று எழுதி வைத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள். துறைத்தலைவர் அறைக்கு உங்களோடு நாங்களும் வருகிறோம்.