எழுத்தா, இடமா?

கல்லூரி விழா மலரிலே வீடியோ விளையாட்டைப் பற்றி எழுதுவதா எனப் பழைய மாணவர் சிலர் முகஞ் சுளித்தல் கூடும். அவருள்ளும் நாற்பதைக் கடந்த பலர் இளமையில் மரியோவுடன் ஓடியவரே என்பதை நினைவூட்டி மேலே செல்கின்றோம்.

பழைய விளையாட்டுப் பொறிகள் இன்று அருகிவிட்டன. அவற்றின் விளையாட்டுக்களைக் கணினியில் இயக்க எமுலேற்றர் என்னும் மென்பொருள் உதவுகின்றது. அது பழைய பொறியைப் போல நடிக்கும். கையிற் பிடிக்கும் கொன்ட்ரோலரை நடித்துக்காட்ட மாத்திரம் அதனால் இயலாது. பழைய பொத்தானின் தொழிலைப் புதியதில் எதற்குக் கொடுப்பது என்பதை ஆடுவோரே முடிவு செய்தல் வேண்டும். இங்கேதான் வழக்கு எழுகின்றது. ‘ஏ’ செய்த தொழிலை ‘ஏ’யே செய்க, மாற்றுதல் ஆக்கியோனுக்கு இழைக்கும் பிழை என்பர் ஒரு சாரார். எழுத்தன்று, இடமே பெரிது என்பது எம் கட்சி.

நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் யப்பானில் வெளியிட்ட ஃபமிக்கொம் பொறியின் கொன்ட்ரோலரில் வலக்கைப் பெருவிரலுக்கு இரண்டு பொத்தான்களே இருந்தன. இடத்தே ‘பி’, வலத்தே ‘ஏ’. 1985இல் வந்த சுப்பர் மரியோ பிறதர்ஸ் விளையாட்டில் ‘பி’யை அழுத்திப் பிடித்தால் மரியோ விரைந்தோடுவான், ‘ஏ’யை அழுத்தினாற் பாய்வான். ஓட்டத்தை விடாமலே பாயவும் வேண்டும். ஆதலின் பெருவிரலின் நுனி ‘பி’யிற் கிடக்க, அதன் கணுப்பக்கம் சாய்ந்து ‘ஏ’யை அழுத்தும். ஒரு விரல் இரு தொழில் செய்யும் இவ்வித்தையை அறியாதவன் அகன்ற பள்ளங்களைத் தாண்டுவதில்லை.

1990இல் வந்த சுப்பர் ஃபமிக்கொமில் பொத்தான்கள் நான்காயின. மேலே ‘எக்ஸ்’, வலத்தே ‘ஏ’, கீழே ‘பி’, இடத்தே ‘வை’. அதனுடன் வெளிவந்த சுப்பர் மரியோ வேர்ல்டில் ஓடுதற்கு ‘வை’, பாய்தற்கு ‘பி’. முன்னர் ஓட்டத்துக்குரியதாயிருந்த எழுத்து இப்பொழுது பாய்ச்சலுக்குரியதாயிற்று. ஆக்கியோரே எழுத்தைக் கைவிட்டு விரலின் சாய்வைப் பின்பற்றினர். எழுத்தைக் காக்கப் புறப்பட்டோர் இதற்கு யாது விடை கூறுவர்?

2001இல் மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் எக்ஸ்பொக்ஸ் ‘ஏ’யைக் கீழும் ‘பி’யை வலத்தும் வைத்தது. இன்று கணினியோடு இணைக்கும் கொன்ட்ரோலர்களுட் பல இவ்வொழுங்கினவே. எழுத்தை நம்பிப் பழைய மரியோவை இவற்றில் ஆடினால் ஓட்டம் வலத்தே போக, பெருவிரல் முறுகித் தவிக்கும். பாய்ச்சல் கீழேயே இருக்கட்டும். ஓட்டத்தை மாத்திரம் இடத்தேயுள்ள பொத்தானுக்கு மாற்றுக. 1985ஆம் ஆண்டின் கை மீண்டு வரும்.

பிளேஸ்டேஷனின் குறிகளும் நிலைத்து நின்றன அல்ல. யப்பானியர் வட்டத்தால் ‘ஆம்’ என்றனர். மேலைநாட்டார் பெருக்கற் குறியால் அதனையே சொன்னார்கள். 2020இல் ஐந்தாம் பிளேஸ்டேஷனோடு யப்பானும் பெருக்கற் குறிக்கு மாறிற்று.

தட்டச்சறிந்தோர் எம் கூற்றை எளிதில் ஒப்புவர். சுண்டிக்குளியிற் பிறந்த முத்தையா அவர்கள் ஆக்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறி பரவியபின், தட்டச்சிற் பழகிய விரல்கள் கணினியிலும் பழகிய இடங்களையே தேடின. விசையின்மேல் ஆங்கில எழுத்து அச்சாகியிருந்ததை அவ்விரல்கள் பார்த்ததுண்டோ?

எதிர்க்கட்சியார் சொல்வதில் ஓருண்மை உண்டு. ஒருமுறை அழுத்தியதும் தானே ஓயாது சுடும் பொத்தானைச் சிலர் அமைத்துக் கொள்வர். சுடும் விளையாட்டுக்களில் விரலின் வேகமே உழைப்பு. அதனைப் பொறியிடம் கொடுத்துவிட்டுப் புள்ளிகளைப் பிறருடன் ஒப்பிட்டுப் பெருமை பேசுதல் முறையன்று. இது இடமாற்றமாகாது, ஆளை மாற்றுதலேயாம்.

ஆனால் விரல்கள் விரைந்தியங்காத ஒருவர் தம் வீட்டில் ஆடுதற்கு அதனையே அமைப்பாராயின் எவருக்கு என்ன நட்டம்? 2018இல் மைக்ரோசொப்ற், உடற்குறையுடையோர்க்கென இரு பெரிய பொத்தான்களும் புறத்தே ஆளிகளை இணைக்கும் துளைகள் பலவுங் கொண்ட ஒரு கொன்ட்ரோலரை வெளியிட்டது. ஓட்டத்தைக் காலால் மிதிக்கலாம். பாய்ச்சலை முழங்கையால் அழுத்தலாம். ஒரு கை மாத்திரம் இயங்கும் சிறுவனொருவன் இவ்வாறு முதற் பள்ளத்தைத் தாண்டும்போது, அருகிருந்து மூல ஒழுங்கைப் பற்றி உரைநிகழ்த்த எமக்கு நாவெழாது.

ரெற்றோஆர்ச் முதலிய மென்பொருள்களில் விளையாட்டுத் தோறும் வெவ்வேறு ஒழுங்கைச் சேமித்து வைக்கலாம். ஆதலால் தம்பி தன் விருப்பப்படி மாற்றிவிட்டான் என்று தமையன் சினத்தல் வேண்டா.