பழகிப்போன நெடி

ஒரகடம் பக்கம் பெயிண்ட் ஷாப்பில் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் தின்னர் நெடியில் தலை வலிக்கும். போகப் போக, "ஒண்ணும் தெரியலைண்ணே" என்பார்கள். நெடி எங்கும் போய்விடவில்லை. இந்தப் பழக்கம் எப்படி உண்டாகிறது என்பதைப் பழ ஈக்களில் ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் வெரோனிகா ரோட்ரிகஸ். அவர் மறைந்த மறு ஆண்டு, 2011-இல், அந்த ஆய்வு வெளியானது. நான்கு நாள் ஒரே வாசனையில் அடைபட்ட ஈக்கள் அதை முன்போலச் சட்டை செய்யவில்லை. உணர்கொம்பு வாசனையை வாங்கிக்கொண்டுதான் இருந்தது. மூளையில் அடுத்த கட்டத்தில், காபா என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் தடுப்பு நரம்பணுக்கள் வலுப்பெற்று அந்தச் செய்தியை அமுக்கின. இது மூளையின் கோளாறல்ல, அருமையான ஏற்பாடு. பழையது அடங்கினால்தான் புதிய வாசனை எடுபடும். தடுப்புக்கு இன்னொரு பயனும் உண்டு: ஈயின் மூளையில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் ஏபிஎல் என்ற தடுப்பு நரம்பணுவை முடக்கினால், ஒன்றுபோலிருக்கும் இரு வாசனைகளைப் பிரித்தறிய ஈ திணறுகிறது என்று 2014-இல் ஆக்ஸ்போர்டில் கண்டார்கள். மனித மூக்கும் பழகும். அதனால்தான், சூப்பர்வைசர் மோந்து பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்பதை ஏற்க முடியாது என்கிறேன். கரைப்பான் ஆவி புழங்கும் ஒவ்வொரு கூடத்திலும் அளவுமானி வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதன் எண்ணைப் பார்த்து, வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை வேண்டும்.