குப்பை எது என்று யார் சொல்வது?

'எழுதுவதுதான் என் வேலை, கணினியைப் பார்த்துக்கொள்வது கடைக்காரர் வேலை' என்று பெருமையோடு சொல்லும் இலக்கிய நண்பர்கள்மீது எனக்கு வருத்தம் உண்டு. எங்கள் வெண்ணந்தூரில் விசைத்தறி ஓட்டுகிறவர், தறியில் படியும் பஞ்சைத் துடைப்பதையும் எண்ணெய் விடுவதையும் தம் வேலையாகவே நினைக்கிறார். தறி நின்றுபோனால்தான் மெக்கானிக்கைத் தேடுவார்.

சிறுகதை எழுதும் நண்பர் ஒருவர், கணினி மெதுவாக இயங்குகிறது என்று ஒரு கடையில் கொடுத்தார். 'டி டிரைவைத் தொடமாட்டோம், சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்வோம்' என்றார்கள். சொன்னபடியே செய்தார்கள். நண்பரின் எழுத்தெல்லாம் டெஸ்க்டாப்பில் இருந்தது. டெஸ்க்டாப் என்பது சி டிரைவுக்குள் இருக்கும் ஓர் உறை என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. நாவலின் இரண்டு அத்தியாயங்கள் போயின.

கடைக்காரரைக் குறைசொல்லி என்ன பயன்? எது குப்பை, எது நாவல் என்பது எழுதியவனுக்குத்தான் தெரியும். துப்புரவு செய்யும் மென்பொருளுக்கும் அது தெரியாது. 2018இல் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பொன்றில், டிஸ்க் கிளீனப் பட்டியலில் டவுன்லோட்ஸ் உறையும் சேர்க்கப்பட்டது. பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் பழக்கத்தால் தேர்வுசெய்து அழித்தவர்கள், சேமித்துவைத்த கோப்புகளையும் சேர்த்தே அழித்தார்கள். 2020இல் அது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2017இல், பலரும் நம்பிய சிகிளீனரின் அதிகாரபூர்வப் பதிப்புக்குள்ளேயே தீநிரல் புகுத்தப்பட்டிருந்தது தெரியவந்தது. 'கணினியை வேகமாக்கித் தருகிறோம்' என்று வரும் இலவச மென்பொருள்களை நான் நிறுவுவதில்லை. விண்டோஸில் உள்ள கருவிகளே நமக்குப் போதும்.

ஆனால் எந்தக் கருவியைத் தொடுமுன்னும் வெளி வன்தட்டில் ஒரு படி எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வைத்துவிட வேண்டும். சிஸ்டம் ரிஸ்டோர் இருக்கிறதே என்பார்கள். அது கணினியின் அமைப்புகளைத்தான் பழைய நிலைக்குக் கொண்டுவரும், அழிந்த கட்டுரையை மீட்டுத்தராது. வன்தட்டு பழுதாகிவருவதாகச் சந்தேகம் வந்தால், செக்டிஸ்க் ஓட்டுமுன் படி எடுப்பது இன்னும் முக்கியம். பழுதுபார்க்கும் வேலையே நலிந்த தட்டுக்குச் சுமையாகிவிடலாம். இடையில் மின்சாரம் போனாலும் ஆபத்துதான், யுபிஎஸ் இல்லாமல் அதைத் தொடங்கவே கூடாது. சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக், சுழலும் பழைய வன்தட்டுக்கு உரியது. எஸ்எஸ்டிக்கு அது வேண்டியதில்லை.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. டிஸ்கி, டாப் முதலான பழைய குறியாக்கங்களில் எழுதிய கோப்புகள் பிழைத்திருந்தாலும், ஃபார்மட் செய்ததில் எழுத்துரு போய்விட்டால், திறந்ததும் புரியாத குறிகளாகவே தெரியும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார், டிஸ்கியில் இருந்த தம் நூல்களை யுனிகோடுக்கும் மாற்றித் தந்தார்கள். செல்லரிக்குமுன் ஏட்டைப் புதிய ஏட்டில் படியெடுத்தவர்கள் செய்ததும் இதே வேலைதானே! சங்கப் பாடல்கள் நமக்கு வந்து சேர்ந்ததும் அப்படித்தான். அதைப் பாடம் நடத்தும் நாமே நம் எழுத்துக்கு ஒரு படி வைத்துக்கொள்ளாதது எனக்கு விந்தையாக இருக்கிறது.

நண்பரின் அத்தியாயங்களில் ஒன்று, கருத்துக் கேட்டு எனக்கு அனுப்பிய பழைய மின்னஞ்சலில் அகப்பட்டது. மற்றதை நினைவிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார். முன்பிருந்ததுபோல் வரவில்லை என்கிறார்.