விரல் நுனியில் ஒரு சோதனை

காயல்பட்டினத்தை அடுத்த கொம்புத்துறைக் கரையில், வள்ளத்தின் இரும்பு ஆணியை உப்புநீர் தின்றுவிடுவதைக் காணாதவர் இலர். இரும்பு தன் எலக்ட்ரான்களை இழப்பதே துரு. இன்று நம் இல்லங்களில் மாதா படத்தின் கீழே மாடத்தில் இருக்கும் குளுக்கோமீட்டரும் அதே எலக்ட்ரான் பரிமாற்றத்தால்தான் இயங்குகிறது! இவ்விரண்டையும் ஆராயும் கலை மின்வேதியியல். இதற்கென்றே 1953-இல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் ஈந்திராவிடில் அது நம் பக்கம் வந்திராது. கடல்நீரில் உலோகம் அரிக்கப்படுவதை ஆராய அந்நிலையம் தூத்துக்குடியிலும் ஒரு மையம் அமைத்தது.

கருவியில் செருகும் பட்டையில், குளுக்கோசை மட்டும் தேர்ந்து பற்றும் நொதி பூசப்பட்டுள்ளது. இரத்தத்துளி பட்டதும் அந்நொதி சர்க்கரையிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிக்க, அவை மின்முனையை அடைந்து மிகச் சிறிய மின்னோட்டமாகின்றன. சர்க்கரை மிகுந்தால் மின்னோட்டமும் மிகும். இவ்வழியை 1962-இல் காட்டியவர் அமெரிக்கரான லேலண்ட் கிளார்க். மின்முனையின்மேல் பொன்னின் நுண்துகள்களையோ நுண்ணிய கரிக் குழாய்களையோ பரப்பினால், மிகக் குறைந்த அளவுப் பொருளும் அகப்படும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர் நவகாந்த பட் குழுவினர், சர்க்கரையோடு ஹீமோகுளோபின், சிறுநீரில் கசியும் புரதம் முதலியவற்றையும் ஒரே கைக்கருவியில் அளக்க வழி கண்டுள்ளனர்.

ஆயினும் கருவி காட்டும் எண்ணை வேதவாக்காகக் கொள்ளலாகாது. 100 மில்லிகிராமும் அதற்கு மேலுமான அளவுகளில், நூற்றுக்கு 15 கூடக்குறைய இருக்க உலகத் தரவிதியே இடமளிக்கிறது. மாம்பழம் உரித்த விரலைக் கழுவாமல் குத்தினால் இல்லாத சர்க்கரை தோன்றும். பட்டைப் புட்டியைத் திறந்து வைத்தால் கடற்காற்றின் ஈரம் பட்டையைக் கெடுக்கும். இரத்தசோகையுள்ளவர்க்கு உண்மைக்கு மேலான எண் வரக்கூடும். நம் தாய்மாருள் எத்தனையோ பேர் இரத்தசோகையுடையோர். அந்த எண்ணுக்கு அஞ்சித் தாமே மாத்திரையைக் கூட்டுவது ஆபத்து.

தவக்காலத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. ஒருசந்திக் கடமை 59 வயது நிறைந்ததும் தீர்ந்துவிடுகிறது. நோயாளிகளைத் திருச்சபை எவ்வயதிலும் வற்புறுத்துவதில்லை. நம் பாட்டிமார் கேட்டால்தானே! இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு பெரிய வெள்ளியன்று பட்டினி கிடப்பவருக்கு வியர்வையும் நடுக்கமும் கண்டால், உடனே விரலைக் குத்திப் பாருங்கள். எண் 70-க்குக் கீழிருந்தால், சிலுவைப்பாதை முடியட்டும் என்று காத்திராமல் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். கருவி கைவசம் இல்லையேல் சர்க்கரையை முதலில் கொடுத்துவிடுங்கள். நினைவிழந்துவிட்டாரெனில் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.