கடையை மூடினால் மட்டும் போதுமா?

மதுவிலக்கு வேண்டுமா, வேண்டாமா என்னும் வாதம் நம் நாட்டில் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓயாமல் நடந்துவருகிறது. கடைகளை மூடவேண்டும் என்போர் குடியால் அழிந்த குடும்பங்களைச் சுட்டிக்காட்டுகின்றனர். திறந்திருக்கட்டும் என்போர் கள்ளச்சாராயம் அருந்தி மாண்டவர்களைச் சுட்டிக்காட்டுகின்றனர். இரு தரப்பாரும் கூறுவது உண்மையே. ஆயினும் இரு தரப்பாரும் கேட்கத் தவறும் கேள்வி ஒன்று உண்டு. குடியை விட்டவனுக்கு மறுநாள் காலையில் என்ன தொழில், மாலையில் என்ன துணை, கையில் வரும் கூலிக்கு என்ன காப்பு என்பதே அது. தறியையும் நிலத்தையும் நம்பி வாழும் கூட்டுறவு அங்கத்தினர்களாகிய நாம் இக்கேள்வியைக் கேட்டே தீரவேண்டும். இதற்குரிய விடையில் ஒரு பெரும்பங்கு நம் சங்கங்களின் கையில் இருக்கிறது.

சேலத்தின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராஜாஜி 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமல்படுத்தினார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு ஜில்லாக்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. இதைத் திடீரென்று பிறந்த ஓர் உத்தரவாகக் கருதுவது சரியன்று. 1925ஆம் ஆண்டிலேயே திருச்செங்கோட்டுக்கு அருகில் புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவியிருந்தார். வறண்ட அப்பகுதியின் ஏழைகளுக்கு நூற்பு வேலையைக் கொடுத்துக் கூலி வழங்கியதும், குடியின் கேட்டை எடுத்துரைத்ததும் அங்கே இணைந்தே நடந்தன. 1929இல் மதுவிலக்குப் பிரசாரத்திற்கென்றே 'விமோசனம்' என்ற தமிழ்ப் பத்திரிகை அங்கிருந்து வெளிவரத் தொடங்கியது. அதன் ஆசிரியப் பணியில் ராஜாஜிக்குத் துணைநின்றவர் கல்கி. ஆக, சட்டம் வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இராட்டையும் நூற்புக் கூலியும் அந்த மண்ணுக்கு வந்துவிட்டன.

வேறு இரண்டு செயல்களும் கவனிக்கத்தக்கவை. கள் இறக்கியவர்களை நடுத்தெருவில் விட்டுவிடாமல், பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சும் தொழிலுக்கு அவர்கள் திருப்பிவிடப்பட்டனர். அதே மரம், அதே பாளை, அதே கலயம்; கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிப்பதில்லை. தொழிலாளியின் கைத்திறன் வீணாகாமல் அவன் ஜீவனத்திற்கு வழி பிறந்தது. மற்றொன்று கஜானாவைப் பற்றியது. கள், சாராய வருமானத்தை இழக்கும் அரசாங்கம் அதற்கு ஈடு தேடவேண்டும் அல்லவா? 1939இல் இந்த மாகாணத்தில் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. வரியை விரும்பிச் செலுத்துவோர் எவருமில்லை. அன்றும் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் ஒரு வருமானத்தைத் துறக்குமுன் மற்றொன்றைத் தேடிக்கொள்ள வேண்டும் என்ற பொறுப்புணர்ச்சி அதில் இருந்தது.

பிற்காலத்தில் நடந்தது வேறு. யுத்த காலத்தில் தடைப்பட்ட மதுவிலக்கு, 1948இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971இல் அது நீக்கப்பட்டது. 1974இல் மீண்டும் வந்தது. 1981இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் மறுபடி அனுமதி கிடைத்தது. 1983இல் டாஸ்மாக் என்னும் அரசாங்க வாணிபக் கழகம் அமைந்தது. 1987 முதல் கள்ளுக்குத் தடை வந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கே நடத்திவருகிறது. 2023-24ஆம் ஆண்டில் மதுவினால் அரசாங்கத்துக்குக் கிடைத்த வரி வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். இடையிடையே 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகள் மூடப்பட்டன. கதவு திறப்பதும் அடைப்பதுமாக ஆண்டுகள் பல சென்றனவே தவிர, கதவுக்கு வெளியே நிற்கும் மனிதனைப் பற்றிய ஏற்பாடு போதிய அளவில் நடைபெறவில்லை.

முழுமையாகத் தடுத்தால் தீமை ஒழியும் என்போர் பீகாரைப் பார்க்கவேண்டும். அங்கே 2016 முதல் பூரண மதுவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இருந்தும் 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் விஷச்சாராயம் பல உயிர்களைக் குடித்தது. அமெரிக்காவும் 1920இல் மதுவைத் தடைசெய்து, கள்ளக் கடத்தல் கூட்டங்கள் கொழுத்ததைக் கண்டு, 1933இல் அத்தடையைக் கைவிட்டது. அப்படியானால் கடைகள் திறந்திருந்தால் கள்ளச்சாராயம் ஒழியும் என்று கூறலாமா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது தமிழ்நாட்டில் அரசாங்க மதுக்கடைகள் ஆயிரக்கணக்கில் திறந்தே இருந்தன. அங்கே விற்கப்பட்ட சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். அது உடலுக்குள் சென்று ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கிறது. பிழைத்தவர்களிலும் சிலரைக் குருடராக்குகிறது. இது தெரிந்தும் அறியாமலும் ஏழைகள் அதை நாடுவது விலை மலிவு என்பதால்தான். கடையில் விற்கும் புட்டியை வாங்க இயலாத வறுமையும், குடியை விடமுடியாத நோயும் ஒருவனிடம் சேரும்போது, மூடிய கடையும் அவனைக் காப்பதில்லை. திறந்த கடையும் காப்பதில்லை.

ஆதலின் சட்டமே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. மதுவிலக்கை நோக்கி அரசு முயலவேண்டும் என்று அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு வழிகாட்டுகிறது. விஷச்சாராயம் காய்ச்சுவோனும் அதற்குத் துணைபோகும் அதிகாரியும் கடுந்தண்டனைக்கு உரியவர்களே. சட்டத்துக்கு அடியில் அஸ்திவாரம் வேண்டும் என்பதே நம் அபிப்பிராயம். அரசாங்கம் கடைகளைப் படிப்படியாகக் குறைக்கும் கால அட்டவணையையும், அதற்கு ஈடான வருமானத்துக்குரிய திட்டத்தையும் ஒருங்கே வெளியிட வேண்டும். மது வருமானத்தில் ஒரு பங்கைக் குடிநோய் சிகிச்சைக்கும் மறுவாழ்வுத் தொழில்களுக்கும் என்று தனியே ஒதுக்கவேண்டும். புட்டியில் அடைத்த மதுவை அரசாங்கமே விற்கும்போது தம் மரத்துக் கள்ளுக்கு மட்டும் தடையா என்று பனை, தென்னை வளர்ப்போர் கேட்கும் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்குரிய நல்ல விடை, பதநீருக்கும் கருப்பட்டிக்கும் கூட்டுறவின் மூலம் கட்டுப்படியாகும் விலை கிடைக்கச் செய்வதே.

அரசாங்கம் செய்யட்டும் என்று நாம் கைகட்டி இருக்கலாகாது. நெசவாளியின் கூலி ஒருவர் உழைப்பால் மட்டும் வருவதன்று. தார் சுற்றுவதும் பாவுக்குத் துணைநிற்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. துணி சங்கத்தில் ஏறிய அன்று அக்கூலி முழுவதும் ஒருவன் கையில் ரொக்கமாகச் சேர்ந்து, வீடு சேருமுன் கரைந்துவிடுமானால், உழைத்த மற்றவர்களின் கூலியும் களவு போயிற்று என்றே பொருள். தறிக்குத் துணைநிற்கும் மனைவியையும் அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்வதும், கூலியில் ஒரு பங்கை அவள் பெயரில் வங்கிக் கணக்கில் செலுத்துவதும், சேமிப்புப் பிடித்தத்தை ஒழுங்காக நடத்துவதும் எந்தச் சங்கமும் பொதுக்குழுவில் தீர்மானித்துச் செய்யக்கூடியவை.

குடிக்கு அடிமையானவனை இழித்துப் பேசி ஒதுக்குவதால் பயனில்லை. அது ஒரு நோய். நெடுநாள் குடித்தவன் ஒரே நாளில் அடியோடு நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு முதலியன நேர்ந்து உயிருக்கே ஆபத்து வரலாம். ஆகவே மருத்துவரின் மேற்பார்வை அவசியம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் இதற்குச் சிகிச்சை கிடைக்கிறது. அங்கத்தினர் ஒருவரை அங்கே அழைத்துச் செல்வதும், அவர் சிகிச்சையில் இருக்கும் நாட்களில் அவர் தறிக்குரிய பாவைப் பிறருக்கு மாற்றிவிடாமல் காத்துவைப்பதும், திரும்பி வந்ததும் அன்றே நூல் கொடுப்பதும் சங்கத்தின் கடமைகளாகக் கருதப்படவேண்டும். மீண்டு வந்தவனுக்கு வேலை காத்திருக்கிறது என்னும் நம்பிக்கையைவிடச் சிறந்த மருந்து வேறென்ன?

ஒருவர் எல்லாருக்காகவும், எல்லாரும் ஒருவருக்காகவும் என்பதே கூட்டுறவின் அடிப்படை. கடனிலும் நூலிலும் விற்பனையிலும் அக்கொள்கையை நாம் கைக்கொண்டிருக்கிறோம். குடியால் தளரும் குடும்பத்தின் விஷயத்திலும் அதைக் கைக்கொள்வோமாக. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதையும் ஒரு பொருளாகச் சேர்க்குமாறு எல்லாச் சங்கங்களின் நிர்வாகிகளையும் கேட்டுக்கொள்கிறோம்.